தாமஸ் கிராம்வெல்: சீரியலில் வராத கணக்குப்பிள்ளை

எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சராக இருந்த தாமஸ் கிராம்வெல்லை நாயகனாக வைத்து பி.பி.சி. 2015-இல் ஒளிபரப்பிய 'வுல்ஃப் ஹால்' தொடரையும், 2024-இல் வந்த அதன் இரண்டாம் பகுதியையும் நம் வாசகர்கள் ஒரே மூச்சில் பார்த்துத் தீர்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கேள்விகள் கட்டுக் கட்டாக வந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவருக்கே.

கொல்லன் மகன், அப்பா போட்டு மிதித்ததில் வீட்டை விட்டு ஓடி, கடைசியில் ராஜாவுக்கே மந்திரி... எது நிஜம், எது கதை?
(வாசகி, மந்தைவெளி)

மந்திரியானது நிஜம். மிதித்ததற்குச் சாட்சி கிடையாது.

அப்பா வால்டருக்கு லண்டனை ஒட்டிய பட்னியில் கொல்லுப் பட்டறை, கம்பளித் துணியை அலசி இறுக்கும் தொழில், பார்லியில் 'ஏல்' காய்ச்சி விற்பது என்று பல வரும்படி. ஏல் விற்றதற்காக ஊர் நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை 6 பென்ஸ் அபராதம் கட்டியிருக்கிறார். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் 'குடிகாரன், அடாவடிக்காரன்' என்று பிற்காலத்தார் எழுதினார்கள். அந்தக் காலத்தில் அந்த அபராதம் கிட்டத்தட்ட லைசென்ஸ் கட்டணம். காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் கட்டுவார்கள். வால்டர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டது 1514-இல். பண்ணையின் நிலப் பதிவேட்டைச் சுரண்டித் திருத்தினார் என்று தீர்ப்பாகி நிலம் பறிபோனது. பதிவேட்டில் கைவைத்தால் என்ன ஆகும் என்பது மகனுக்கு வீட்டிலேயே கிடைத்த பாடம்.

தாமஸ் பிறந்தது 1485 வாக்கில். இளமையில் தான் ஒரு போக்கிரி என்று அவரே பிற்பாடு பேராயர் கிரான்மரிடம் ஒப்புக்கொண்டதாக, அந்த நூற்றாண்டிலேயே திருச்சபை வரலாறு எழுதிய ஜான் ஃபாக்ஸ் சொல்லியிருக்கிறார். இத்தாலிக்குப் போனார், பிரெஞ்சுப் படையில் கூலி வீரனாக இருந்தார், ஃபிளாரன்ஸ் வணிகக் குடும்பமான ஃபிரஸ்கோபால்டி வீட்டில் ஒதுங்கினார் என்பதெல்லாம் ஒரு இத்தாலியக் கதாசிரியர் சொன்னது. அதற்குரிய அளவில் நம்பினால் போதும். ஆன்ட்வெர்ப் துணிச் சந்தையில் தொழில் பழகியதும், லத்தீன், இத்தாலியன், பிரெஞ்சு கற்றதும் உறுதி. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. சட்டத்தைத் தொழில் செய்துகொண்டே கற்று, 1524-இல் கிரேஸ் இன் வழக்கறிஞர் மன்றத்தில் சேர்ந்தார்.

ஃபாக்ஸ் சொல்லும் இன்னொரு கதை சுவையானது. இங்கிலாந்திலுள்ள பாஸ்டன் என்ற ஊரின் மாதா சங்கத்துக்குப் பாவ மன்னிப்புச் சலுகை வாங்க கிராம்வெல் ரோமுக்குப் போகிறார். போப் பத்தாம் லியோவைப் பார்க்க வரிசையில் நின்றால் மாதக் கணக்காகும். போப்புக்கு இனிப்பில் ஆசை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவர் வேட்டையிலிருந்து திரும்பும் வழியில் மூன்று பேரை ஆங்கிலப் பாட்டுப் பாட விட்டு, ஆங்கிலப் பக்குவத்தில் செய்த ஜெல்லியை நீட்டினாராம். ருசி பார்த்த கையோடு கையெழுத்து விழுந்தது. வேலையை முடிக்க யாருக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்பது பட்னிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

ஹீரோ எப்போது வந்தாலும் கையில் ஒரு கட்டுத் தாள். அப்படி என்னதான் வேலை பார்த்தார்? நானும் 34 வருஷம் செக்‌ஷனில் ஃபைல் தள்ளியவன், அதனால் கேட்கிறேன்.
(ஓய்வு பெற்ற வாசகர், பெரம்பூர்)

அவர் வாங்கிய பதவிகளை வரிசையாகப் பாருங்கள், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1532-இல் நகைக் காப்பகத் தலைவர். பெயர் என்னவோ நகை. ராஜாவின் ரொக்கம் புழங்கும் இடம். அதே ஆண்டில் அரசாங்க முத்திரை போடுவதற்கான கட்டணம் வசூலாகும் ஹனப்பர் அலுவலகம். 1534-இல் தலைமைச் செயலாளர். ராஜாவுக்கு வரும் கடிதமெல்லாம் இவர் மேசைக்கு. அதே ஆண்டு அக்டோபரில் 'மாஸ்டர் ஆஃப் ரோல்ஸ்'; நீதிமன்ற ஆவணச் சுருள்கள் அத்தனையும் கைக்கு வந்தன. 1535-இல் திருச்சபை விவகாரங்களில் மன்னரின் பிரதிநிதி. 1536-இல் தனி முத்திரைக் காப்பாளர். இவற்றில் பல, பிரபுக்கள் ஏறிட்டும் பார்க்காத குமாஸ்தா வேலைகள். ஒவ்வொன்றும் ஒரு தாள் போகும் பாதை. எல்லாப் பாதையும் கூடும் முனையில் அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

அன்றாடம் அவர் 'நினைவுக் குறிப்பு' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். குமாஸ்தா எழுதுவார், இவர் இடையில் செருகுவார். யாருக்குக் கடிதம், எந்த மசோதா, எவருக்குப் பணம் என்று வரிவரியாக ஓடும். 1539-இன் குறிப்பொன்றில், ரெடிங் என்ற ஊரின் கத்தோலிக்க மடத் தலைவரை அவர் ஊருக்கே அனுப்பி விசாரித்துத் தூக்கிலிட வேண்டும் என்று ஒரு வரி. கிளாஸ்டன்பரி மடத் தலைவருக்கும் அதே மாதிரி ஒரு வரி. விசாரணையும் தண்டனையும் ஒரே வரியில், விசாரணைக்கு முன்பே! தலைக்கு மேல் போட்ட சத்தம் இல்லை, கோபமில்லை. மற்ற வேலைகளோடு அதுவும் ஒன்று. இருவரும் அந்த நவம்பரில் அடுத்தடுத்த நாட்களில் மாண்டார்கள்.

ஹோல்பைன் வரைந்த அவர் படத்தையும் இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நியூயார்க் ஃபிரிக் காட்சியகத்தில் இருக்கிறது. கணப்பின் மறுபக்கம், அவர் காலத்தில் தலை வெட்டப்பட்ட தாமஸ் மோரின் படம். கிராம்வெல் பருத்த உடம்பு, சிறிய கண்; தொடரில் வரும் மார்க் ரைலன்ஸ் அளவுக்கு ஒல்லியில்லை. மேசைமேல் இறகுப் பேனா, கத்தரிக்கோல், தாள்கள், கொக்கி போட்ட ஒரு புத்தகம். ஒரு கடிதத்தின் முகவரியில் 'நகைக் காப்பகத் தலைவர்' என்று பதவி படிக்கும்படி இருப்பதால்தான் படத்துக்கு 1532-34 என்று தேதி சொல்ல முடிகிறது. அந்தப் புத்தகம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் உள்ள ஒரு ஜெபப் புத்தகம்தான் என்று 2023-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

அவரைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம், கைதான அன்று வீட்டிலிருந்த காகிதம் முழுவதையும் அரசு அள்ளிக்கொண்டு போனது. அதில் ஒரு விசித்திரம்: வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அனுப்பிய கடிதங்களின் நகல் அதிகம் இல்லை. நிலைமை புரிந்த குமாஸ்தாக்கள் முந்திக்கொண்டு எரித்திருப்பார்கள் என்பது சிலருடைய ஊகம். ஃபைல் தள்ளியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மடங்களை இழுத்து மூடினார் என்று வசனத்தில் வருகிறதே தவிர, காட்டவே இல்லை. 800 மடங்களை எப்படி ஐயா மூட முடியும்? ஊரில் ஒரு கோயில் கடையைக் காலி செய்யவே பத்து வருஷம் கேஸ் நடக்கிறது!
(வாசகர், குரோம்பேட்டை)

நல்ல கேள்வி. காட்டியிருந்தால் தொடரின் பாதி நேரம் ஆட்கள் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வேலை மதிப்பீடு. 1534-இன் சட்டப்படி, திருச்சபைப் பதவிக்கு வருகிறவர் முதலாண்டு வருமானத்தை முழுதாகவும், பிறகு ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கையும் ராஜாவுக்குக் கட்ட வேண்டும். வருமானம் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? 1535 ஜனவரியில் மாவட்டத்துக்கு ஒரு குழு கிளம்பியது. வாடகை, தசம பாகம், காணிக்கை என்று தனித்தனியாகச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்டு எழுத வேண்டும். நிறுவியவர் உயிலில் கட்டாயமாக்கிய தர்மம், காரியஸ்தர் சம்பளம் போன்றவற்றைக் கழிக்கலாம். சில மாதங்களில் நாடு முழுக்கக் கணக்கு வந்து சேர்ந்தது. 'வாலோர் எக்ளீஸியாஸ்டிகஸ்' என்று அதற்குப் பெயர்.

குறைகளும் உண்டு. குழுவில் இருந்தவர்கள் அந்தந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள். மடத்து நிலத்தைக் குத்தகை எடுத்தவர்களும் அவர்கள்தாம். கை கொஞ்சம் தாராளமாக இருந்தது. குத்தகை புதுப்பிக்கும்போது வாங்கும் முன்பணமும் மரம் வெட்டி விற்ற காசும் பல இடங்களில் ஒழுங்காக ஏறவில்லை. கணக்கில் தெரிந்ததைவிட மடங்கள் பணக்கார மடங்களாகவே இருந்தன.

தஞ்சைக் கோயிலுக்குத் தான் கொடுத்த பொன்னையும் செம்பையும் எடை போட்டு ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். கிராம்வெல் ஆட்கள் கோயிலில் ஏற்கெனவே இருந்ததை எடை போட்டார்கள். இரண்டு கணக்கும் ஒரே துல்லியம், திசைதான் வேறு.

அடுத்தது சோதனை. ரிச்சர்ட் லேட்டன், தாமஸ் லீ என்ற இருவர் முக்கியமானவர்கள். ஒழுக்கக் கேடு, போலிப் புனிதப் பொருள், கடன் என்று கேள்விப் பட்டியலோடு போவார்கள். 1535-36 குளிர்காலத்தில் வட இங்கிலாந்தில் இரண்டே மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களை இவர்கள் முடித்தார்கள். குதிரைப் பயணத்தைக் கழித்தால் ஒரு மடத்துக்கு எத்தனை நாழிகை ஒதுக்கியிருப்பார்கள் என்று நீங்களே பாருங்கள். நாடாளுமன்றத்துக்குத் தேவையான சரக்கு கிடைத்தது. 1536-இல், ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே உள்ள மடங்கள் ராஜாவுக்கு என்று சட்டம் வந்தது. இந்த 200-ஐ எங்கிருந்து பிடித்தார்கள்? முந்தைய ஆண்டு எழுதிய மதிப்பீட்டுப் புத்தகம் மேசையில் இருந்தது. விலக்குக் காசு கட்டித் தற்காலிகமாகத் தப்பிய மடங்களும் உண்டு.

மூடும் நாளில் நடப்பது இது. ஆகுமென்டேஷன் நீதிமன்றம் என்று இதற்கென்றே தொடங்கிய அலுவலகத்தின் ஆட்கள் வந்து மடத்து முத்திரையை வாங்கி உடைப்பார்கள். பொருள் பட்டியல் எழுதுவார்கள். வெள்ளியும் பொன்னும் லண்டனுக்கு. மணியும் கூரை ஈயமும் ராஜாவுக்கு. மற்றதெல்லாம், சன்னல் கண்ணாடி, தரைக்கல், பாத்திரம், அங்கேயே ஏலம். ஈயத்தைத் தகடாக உரித்து வண்டியேற்ற முடியாது, இடம் அடைக்கும். உருக்கிப் பாளமாக வார்க்க வேண்டும். விறகு? துறவிகள் உட்கார்ந்து பாடிய மர இருக்கைகளையே உடைத்து எரித்தார்கள். ஈயம் போன கூரை இரண்டு மூன்று மழைக்குத் தாங்காது. பிறகு கட்டடத்தை யாரும் இடிக்க வேண்டியதில்லை. ஊர்க்காரர்கள் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

பெரிய மடங்களுக்கு வழி வேறு. தலைவர் 'நானே மனமுவந்து ஒப்படைக்கிறேன்' என்று பத்திரத்தில் கையெழுத்திட்டால் தாராளமான ஓய்வூதியம். சாதாரணத் துறவிக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு அளவில். கன்னியருக்கு அதைவிட மிகக் குறைவு. மறுத்த ரெடிங், கிளாஸ்டன்பரி தலைவர்கள் கதி மேலே பார்த்தோம். 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு எல்லாம் முடிந்தது.

இடையில் 1536 அக்டோபரில் வடக்கே பெரும் கிளர்ச்சி வெடித்தது. கிராம்வெல்லைத் தண்டிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் வரி வரப்போகிறது என்ற வதந்தி அதற்கு எண்ணெய் ஊற்றியது. இந்த வதந்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வருவான்.

பெரிய நஷ்டம் நூலகங்கள். மடத்து ஏடுகளைக் கிழித்து மெழுகுவத்தித் தண்டு துலக்கவும், பூட்ஸ் துடைக்கவும், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டவும் எடுத்துப் போனார்கள் என்று 1549-இல் ஜான் பேல் புலம்பியிருக்கிறார். அவர் மடங்களை ஒழித்ததை ஆதரித்தவர், அவருக்கே பொறுக்கவில்லை. ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட நமக்கு அந்த வலி புதிதில்லை.

இவர்தானே ராஜாவின் தலையை வெட்டிய கிராம்வெல்?
(வாசகர், புரசைவாக்கம்)

இல்லை, அவர் ஆலிவர், நூறாண்டுக்குப் பிந்தியவர். தாமஸின் சகோதரி மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ், மாமாவின் செல்வாக்கைப் பார்த்துக் குடும்பப் பெயரையே கிராம்வெல் என்று மாற்றிக்கொண்டார். அந்த ரிச்சர்டின் கொள்ளுப்பேரன் ஆலிவர்.

ஆன் பொலினை மாட்டிவிட்டது ராஜாவா, கிராம்வெல்லா? தொடரில் பாவம் மாதிரியும் இருக்கிறது, பாவி மாதிரியும் இருக்கிறது.
(கல்லூரி மாணவி, அண்ணா நகர்)

முடிவு ராஜாவுடையது, கட்டுமானம் இவருடையது என்று பிடித்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் இதில் அடித்துக்கொள்கிறார்கள். கையில் உள்ள பெரிய சாட்சி, ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர் ஷாப்பூயி 1536 ஜூன் 6-இல் எழுதிய கடிதம்: விவகாரத்தைத் திட்டமிட்டுச் சமைத்தது தானே என்று கிராம்வெல் தன்னிடம் சொன்னதாக அதில் இருக்கிறது. தூதர்களிடம் எல்லோரும் தங்களைக் கொஞ்சம் பெரிதாகவே சொல்லிக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ராஜாவின் இரண்டாம் மனைவியான ஆனுக்கும் கிராம்வெல்லுக்கும் நடந்த மோதலின் ஒரு காரணம் மடத்துப் பணம். அது கல்விக்கும் ஏழைகளுக்கும் போக வேண்டும் என்று ஆன் நினைத்தார். ஏப்ரல் 2-ஆம் தேதி அவருடைய குருவானவர், ராஜாவுக்குத் தீய யோசனை சொன்ன ஆமான் என்ற மந்திரியின் பைபிள் கதையை எடுத்துப் பிரசங்கம் செய்தார். யாரைச் சொன்னார் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 30-இல், ராணியோடு கள்ள உறவு என்று இசைக் கலைஞர் ஸ்மீட்டனைக் கூட்டிப் போய் விசாரித்தார்கள். மே 2 ராணி கைது. மே 15 விசாரணை. மே 19 மரணம். மூன்று வாரம்கூட இல்லை.

அவசரத்தில் குற்றப்பத்திரிகை பிசகியது. அதில் குறித்த பல தேதிகளில் ராணி அந்த ஊரிலேயே இல்லை. அதற்கும் முன்ஜாக்கிரதையாக 'முன்னும் பின்னும் வேறு பல நாட்களிலும்' என்று ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தார்கள். தேதியை உடைத்தாலும் குற்றம் உடையாது.

உங்கள் பதிலையெல்லாம் படித்தால் நல்லவரா கெட்டவரா என்று குழப்பமாக இருக்கிறது.
(வாசகி, கோடம்பாக்கம்)

அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்போம். லண்டனின் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோவின் அப்பாவுக்கு, ஆஸ்டின் ஃபிரையர்ஸில் கிராம்வெல் கட்டிய மாளிகையை ஒட்டித் தோட்டம். மாளிகை முடிந்ததும் இடம் போதவில்லை. ஒரு நாள் ஆட்கள் வந்து வேலியைப் பிடுங்கி 22 அடி உள்ளே தள்ளி நட்டு, கடைக்கால் தோண்டி மதில் எழுப்பிவிட்டார்கள். தோட்டத்தில் ஸ்டோவின் அப்பாவுக்கு ஒரு சிறு வீடு இருந்தது. அதைத் தரையிலிருந்து பெயர்த்து உருளைமேல் ஏற்றி 22 அடி நகர்த்தி வைத்தார்கள். முன்னறிவிப்பு கிடையாது. கேட்டால் 'ஐயா சொன்னார்' என்று ஒரே பதில். பாதி நிலம் போன பிறகும் குத்தகை முழுசாகக் கட்ட வேண்டியிருந்தது. சென்னையில் மனை வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சி சீரியல் இல்லாமலே கண்முன் தெரியும்.

அதே ஸ்டோ அதே புத்தகத்தில் இன்னொன்றும் எழுதுகிறார்: அந்த மாளிகை வாசலில் நாள்தோறும் இரண்டு வேளை இருநூறு பேருக்கு மேல் ரொட்டி, இறைச்சி, பானம் வாங்கிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாக.

வீட்டுக்குள்ளே ஒரு தாள் இருக்கிறது. 1529 ஜூலையில் எழுதிய உயில். மகன் கிரெகரிக்கு இவ்வளவு, மகள் ஆனுக்கு இவ்வளவு, குட்டி கிரேஸுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறார். மனைவி எலிசபெத் அதற்குள் இறந்திருந்தார். பிறகு ஒரு நாள் இரண்டு பெண்களின் பெயர் வரும் இடங்களையும் பேனாவால் அடித்திருக்கிறது. குழந்தைகள் போனதற்கு நம் கையில் இருக்கும் தடயம் அந்தக் கோடுதான்.

படம் ஏன் இவ்வளவு இருட்டு? வேறு தப்புகள் உண்டா?
(வாசகர், நங்கநல்லூர்)

மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே படம் பிடித்தார்கள். இங்கிலாந்துக்காரர்களும் இதையே சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். கிரீனிச் அரண்மனையாக வரும் மான்டக்யூட் மாளிகை, கிராம்வெல் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கட்டியது. அவருடைய நிஜ மாளிகை இருந்த இடத்தில் இன்று துணி வணிகர் சங்கத்தின் டிரேப்பர்ஸ் ஹால் நிற்கிறது. 1543-இல் சங்கம் அந்த இடத்தை வாங்கியது, 1666 தீயில் பழைய கட்டடம் போனது.

இவரை இங்கிலாந்தின் சாணக்கியர் என்று சொல்லலாமா?
(வாசகர், திருவல்லிக்கேணி)

யார் மந்திரியாக இருந்தாலும் சாணக்கியர் என்று சொல்லும் வழக்கத்தை நாம் நிறுத்தினால் தேவலை. சாணக்கியரின் வாழ்க்கைக்குச் சமகால ஆவணம் ஒன்றும் இல்லை. பிற்காலக் கதைகளும் ஒரு நாடகமும்தான். கிராம்வெல்லோ கடை வைக்கலாம் போல ஆவணம். இன்னொன்று, சாணக்கியர் ஒரு ராஜாவை உருவாக்கியவர் என்பது கதை. கிராம்வெல்லை உருவாக்கியதே ராஜாதான். அதனால்தான் அடுத்த கேள்வி.

அவ்வளவு கெட்டிக்காரர் எப்படி விழுந்தார்?
(வாசகர், தாம்பரம்)

ராஜாவுக்கு நான்காம் கல்யாணம் பேசியதில் ஆரம்பித்தது. ஜெர்மனியிலிருந்து கிளீவ்ஸ் நாட்டு ஆன். 1540 ஜனவரி 1-இல் பெண்ணைப் பார்த்ததுமே ராஜாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 6-ஆம் தேதி தாலி கட்டியாகிவிட்டது. இது மட்டும்தான் காரணம் என்று தொடர்கள் காட்டும். ஆனால் ஏப்ரல் 18-இல்தான் கிராம்வெல்லுக்கு எசெக்ஸ் பிரபு பட்டமே கிடைத்தது. கல்யாணத்தைவிட, மதச் சீர்திருத்தக்காரர்களுக்குப் பரிந்து பேசுகிறவர் என்ற புகாரும், பழைய பிரபுக்களின் பகையும், நார்ஃபோக் கோமகனின் தம்பி மகள் கேத்தரின் ஹோவர்ட் ராஜாவின் கண்ணில் பட்டதும் சேர்ந்துதான் கழுத்தை இறுக்கின.

ஜூன் 10-இல் ஆலோசனைக் கூட்டத்துக்கு வந்தார்; அங்கேயே கைது. கோபத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். அவர் கழுத்தில் கிடந்த செயின்ட் ஜார்ஜ் பதக்கத்தை நார்ஃபோக் பிடுங்கினார் என்று பிரெஞ்சுத் தூதர் மாரிலாக் எழுதினார்.

வழக்கு நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் மசோதா போட்டே ஒருவரைத் துரோகி என்று அறிவிக்கும் 'அட்டெய்ண்டர்' முறையில் முடித்தார்கள். முந்தைய ஆண்டு சால்ஸ்பரி சீமாட்டி மார்கரெட் போல் மேல் அதைப் பாய்ச்சியவர் இவர். தனக்கு வந்தபோது வாதாட இடமில்லை. மசோதா நிறைவேறியும் உடனே கொல்லவில்லை. ராஜாவின் கல்யாணத்தை ரத்து செய்ய, 'முதலிரவுக்குப் பிறகு மன்னர் என்னிடம் இப்படிச் சொன்னார்' என்று இவர் கைப்பட எழுதிய சாட்சியம் தேவைப்பட்டது. எழுதிக்கொடுத்தார். ஜூன் 30 கடிதத்தின் முடிவில் கருணை என்ற சொல்லை மூன்று தடவை எழுதியிருக்கிறார். ஜூலை 9-இல் கல்யாணம் ரத்து. 28-இல் டவர் ஹில்லில் அவர் தலை விழுந்தது. அதே நாளில் ராஜா கேத்தரினைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அடுத்த மார்ச்சில், அற்பக் காரணத்தைச் சொல்லி என் உண்மையான ஊழியனைக் கொல்ல வைத்துவிட்டீர்கள் என்று ராஜா மந்திரிகளைக் கடிந்ததாக மாரிலாக் ஊருக்கு எழுதினார்.

ஞானஸ்நானப் பதிவேடு இவர் தொடங்கியது என்று படித்தேன். என் பாட்டி ஆங்கிலோ-இந்தியர். கோட்டை தேவாலயத்தில் முன்னோர் பெயர் இருக்கும் என்பார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா? எப்படித் தேடுவது?
(வாசகி, வேப்பேரி)

நேரடிச் சம்பந்தம் உண்டு. 1538 செப்டம்பரில் கிராம்வெல் எல்லாப் பங்குகளுக்கும் ஓர் உத்தரவு போட்டார். ஒரு புத்தகம் வாங்க வேண்டும். ஞாயிறுதோறும், கோயில் காப்பாளர்கள் முன்னிலையில், அந்த வாரத்துக் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் குருவானவர் எழுத வேண்டும். புத்தகத்தை வைக்க இரண்டு பூட்டுப் பெட்டி. ஒரு சாவி குருவானவரிடம், மற்றது காப்பாளர்களிடம். எழுதத் தவறினால் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம், அதாவது 40 பென்ஸ். கூலியாளுக்கு ஏறத்தாழ பத்து நாள் சம்பளம்.

ஜனங்கள் நம்பவில்லை. பழைய வதந்தி உயிர்பெற்றது: இன்று பெயர் எழுதுவான், நாளை வரி கேட்பான். டெவன், கார்ன்வால் பக்கம் இந்த முணுமுணுப்பு இருப்பதாக 1539-இல் அவருக்கே கடிதம் போனது. வரி வரவில்லை. ஆனால் பல பங்குகளில் தனித்தாள்களில் எழுதிப்போட்டுத் தொலைத்தார்கள். 1598-இல், பழையதையெல்லாம் தோல் ஏட்டில் பெயர்த்து எழுதுங்கள், குறிப்பாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்ததிலிருந்து, என்று உத்தரவு வந்தது. 'குறிப்பாக' என்றதைப் பிடித்துக்கொண்டு சோம்பேறிகள் 1558-க்கு முந்தியதை விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் பல பதிவேடுகள் 1558-இல் தொடங்குவது அதனால்தான்.

அந்தப் பழக்கம் கப்பலேறி வந்தது. கோட்டையிலுள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680 அக்டோபர் 28-இல் அர்ப்பணிக்கப்பட்டது. நவம்பர் 4-இல் எலைஹு யேல் அங்கே செய்துகொண்ட கல்யாணம்தான் அந்தக் கோயிலின் முதல் கல்யாணம். 1753 பிப்ரவரி 18-இல் ராபர்ட் கிளைவின் கல்யாணம்.

தேடும் முறை: சென்னை வட்டாரத்துப் பதிவுகளின் நகல் 1698 முதல் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போனது. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்-2' என்ற வரிசையில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் படியைப் பார்க்கலாம், சந்தா உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கமான ஃபிபிஸின் தளத்தில் பெயர்த் தேடல் இலவசம். முதலில் ஃபிபிஸில் தேடிவிட்டுப் பிறகு காசு கட்டுங்கள். கம்பெனி உத்தியோகம் பார்த்த முன்னோர் என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கோட்டைப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள் சில. 1752-க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25. அதனால் ஜனவரி, பிப்ரவரிப் பதிவுகளில் ஆண்டு ஒன்று குறைந்திருக்கும், அல்லது 1688/9 என்று இரட்டையாக இருக்கும். தேதி ஒத்துவரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுக்காதீர்கள்: கல்கத்தாவோடு பெயர் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689 ஆகஸ்டில் ஒரே நாளில் இங்கே ஞானஸ்நானம் நடந்தது, மூவரும் வெவ்வேறு வயது. அடக்கத் தேதியை மட்டும் நம்பலாம். சென்னை வெயிலில் உடலை வைத்திருக்க மாட்டார்கள், இறந்த அன்றோ மறுநாளோதான். மனைவி இந்தியப் பெண் என்றால் பெரும்பாலும் ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருக்கும், தகப்பன் பெயர் இராது. குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நாலைந்து விதமாக மாற்றித் தேடுங்கள். பாட்டியின் குடும்பம் கத்தோலிக்கர் என்றால் லண்டன் நகலில் பழைய காலத்துக்கு அநேகமாகக் கிடைக்காது. பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்குக் கோயில் எது என்று முதலில் வீட்டில் கேட்டு வையுங்கள்.